கமிஷன் மிச்சம், வேலை யாருக்கு?

இந்தியாவில் ஒரே மியூச்சுவல் ஃபண்டுக்கு இரண்டு விலை உண்டு. பெயர் ஒன்று, பணத்தை நிர்வகிப்பவர் ஒருவர், வாங்கி வைத்திருக்கும் பங்குகளும் அதேதான். ஆனாலும் ‘ரெகுலர்’ என்று வாங்கினால் ஒரு விலை, ‘டைரக்ட்’ என்று வாங்கினால் இன்னொரு விலை. 2013 ஜனவரி 1 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஏஜென்ட்டோ வங்கியோ இடையில் இல்லாமல் நேராக வருபவருக்கு ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் தனி வாசல் திறக்க வேண்டும், அந்த வாசலில் வருபவரின் பணத்திலிருந்து கமிஷன் எடுக்கக் கூடாது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவிட்டது. இரண்டு விலைகளும் ஒரே இடத்தில் தொடங்கியவைதான். நாளுக்கு நாள் நூலிழை அளவில் விலகி, இப்போது பல ஈக்விட்டி ஃபண்டுகளில் அந்த இடைவெளி கண்ணுக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

ஆண்டுக்கு அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை என்பதுதான் ஈக்விட்டி ஃபண்டுகளில் பொதுவான வித்தியாசம். கேட்க அற்பமாக இருக்கும். மாதம் 10,000 ரூபாய் வீதம் 25 ஆண்டுகள் போடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் கையில் வருவது சுமார் 1.90 கோடி ரூபாய். அதே பணம் 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 1.59 கோடி. இடைவெளி ஏறக்குறைய 31 லட்சம். இத்தனைக்கும் 25 ஆண்டுகளில் அவர் தன் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட்ட மொத்தத் தொகையே 30 லட்சம்தான். 12 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண் அது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் விழும் பள்ளம் நிஜம்.

இந்த 31 லட்சத்தைக் காட்டித்தான் ‘உங்கள் முதலீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். கணக்கில் பிழை எதுவும் கிடையாது. ஆனால் இதை மிச்சம் என்று சொல்வதைவிடச் சம்பளம் என்று சொல்வதே பொருத்தம். ஏஜென்ட் செய்துவந்த, அல்லது செய்திருக்க வேண்டிய, சில வேலைகளை முதலீட்டாளர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அதற்கான கூலிதான் அந்த ஒரு சதவீதம். வேலையை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் எதிர்பார்த்தவர்கள், ஒரு சதவீதத்தை மிச்சம் பிடித்து முப்பது சதவீதத்தைத் தொலைத்த கதைகள் ஏராளம்.

வாங்குவது அந்த வேலைகளில் சேராது. ஒரு தலைமுறைக்கு முன்பு வாங்குவதே பெரிய வேலையாக இருந்தது. மதுரையிலோ ஈரோட்டிலோ இருப்பவர் பங்கு வாங்க வேண்டுமென்றால் உள்ளூர் சப்-புரோக்கரைப் பிடிக்க வேண்டும். அவர் சென்னை புரோக்கரிடம் சொல்வார். 1937-ல் தொடங்கிய சென்னைப் பங்குச் சந்தை, கடற்கரையை ஒட்டிய செகண்ட் லைன் பீச் தெருவில் இயங்கிக்கொண்டிருந்தது. பங்குப் பத்திரம் தபாலில் வரும். கையெழுத்து பொருந்தவில்லை என்று சில சமயம் திரும்பியும் போகும். 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்து, காகிதங்கள் டீமேட் கணக்குகளாக மாறத் தொடங்கிய பிறகே இந்த அவஸ்தை குறைந்தது. மியூச்சுவல் ஃபண்டிலும் 2009 ஆகஸ்ட் வரை நுழைவுக் கட்டணம் இருந்தது. ஈக்விட்டி ஃபண்டில் 10,000 ரூபாய் போட்டால் பெரும்பாலும் முதல் நாளே 225 ரூபாய் போய்விடும்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2010-ல் பெங்களூருவில் ஸெரோதா தொடங்கியது. 2015 இறுதியில் டெலிவரி எடுக்கும் பங்குகளுக்குப் புரோக்கரேஜே வேண்டாம் என்று அறிவித்தது. அதே 2015-ல் சென்னைப் பங்குச் சந்தை கதவை மூடியது. மறு ஆண்டு மலிவான மொபைல் டேட்டா வந்தது. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2024-ல் அது 15 கோடியைத் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரலில், மாதாமாதம் ஒரு தொகை போடும் எஸ்ஐபி வழியாக ஒரு மாதத்தில் வரும் பணம் முதன்முறையாக 20,000 கோடி ரூபாயைக் கடந்தது. பேருந்தில் உட்கார்ந்தபடி, இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் ஒரு ஃபண்டை வாங்கிவிடலாம். அதை 20 வருடம் கட்டி மேய்ப்பதுதான் மிச்சமிருக்கிறது.

முதல் வேலை, இருப்பதை எண்ணிப் பார்ப்பது. இதில் பலர் தடுமாறுகிறார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் 38 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். போனைத் திறந்தால் 6 லட்சம் மியூச்சுவல் ஃபண்டில், 2 லட்சம் பங்குகளில் என்று காட்டுகிறது. அத்தனையும் ஷேர் மார்க்கெட்டில்தான் கிடக்கிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஆனால் அவருடைய பிஎஃப் கணக்கில் 14 லட்சம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் பிடித்தம் ஆகிக்கொண்டே இருப்பதால் அது அவர் கண்ணில் படுவதே இல்லை. வங்கியில் எஃப்டி 4 லட்சம், அஞ்சலகத்தில் பிபிஎஃப் 2 லட்சம். ஆக மொத்தம் 28 லட்சத்தில் பங்குச் சந்தை சார்ந்தது 8 லட்சம், அதாவது நூற்றுக்கு 29 தான். 8.25 சதவீதம் வட்டி தரும் பிஎஃப்தான் அவருடைய மிகப் பெரிய முதலீடு. அந்த எண்ணை எழுதிப் பார்க்காதவரை அவர் எடுக்கும் எந்த முடிவும் குத்துமதிப்புதான்.

வீட்டையும் நகையையும் என்ன செய்வது? இந்தியக் குடும்பங்களின் சொத்தில் சராசரியாக 77 சதவீதம் மனை, வீடு, நிலம் என்றும் 11 சதவீதம் தங்கம் என்றும், வங்கி, பங்கு, காப்பீடு போன்ற நிதிச் சொத்துகள் வெறும் 5 சதவீதம் என்றும் ரிசர்வ் வங்கி அமைத்த ஒரு குழு 2017-ல் அறிக்கை கொடுத்தது. தமிழ்நாட்டில் தங்கத்தின் பங்கு தேசிய சராசரியைவிட அதிகம் என்பதற்கு அறிக்கை வேண்டியதில்லை, ஒரு கல்யாண மண்டபம் போதும். ஆனால் குடியிருக்கும் வீட்டையும், மகள் கல்யாணம்வரை பீரோவை விட்டு வெளியே வராத சங்கிலியையும் முதலீட்டுக் கணக்கில் சேர்த்தால் கணக்கு பார்க்கத்தான் அழகாக இருக்கும். எந்தச் சூழ்நிலையிலும் விற்கப்போவதில்லை என்றால் அது சொத்து, சந்தேகமில்லை. போர்ட்ஃபோலியோவில் அதற்கு இடமில்லை. திருவள்ளூர்ப் பக்கம் வாங்கிப் போட்ட காலி மனை வேறு கதை. அதை விற்க மனம் இருந்தால் சேர்க்கலாம், இன்று கிடைக்கக்கூடிய விலைக்கு. புரோக்கர் சொல்லும் விலைக்கு அல்ல.

மியூச்சுவல் ஃபண்டுகள் எத்தனை என்று மறந்துபோனவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாட்டின் ஃபண்ட் பணத்தில் பெரும்பங்குக்கான பதிவேடுகளைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனம் சென்னையைச் சேர்ந்தது. அதுவும் அதே வேலையைச் செய்யும் கேஃபின்டெக்கும் சேர்ந்து, ஒருவரின் பான் எண்ணில் உள்ள அத்தனை ஃபண்டுகளையும் ஒரே அறிக்கையாக மின்னஞ்சலில் இலவசமாக அனுப்புகின்றன. அதை முதன்முறையாக வாங்கிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். பதினைந்து ஃபண்டுகள் இருக்கும். அதில் ஐந்து லார்ஜ் கேப். செபியின் விதிப்படி லார்ஜ் கேப் ஃபண்ட் தன் பணத்தில் 80 சதவீதமாவது நாட்டின் முதல் 100 நிறுவனங்களில் போட வேண்டும். ஐந்து பேரும் அதே நூறில்தான் பொறுக்க வேண்டும் என்பதால், எந்தப் பட்டியலைத் திறந்தாலும் மேலே எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ் என்று அதே முகங்கள் நிற்கும். ஐந்து பெயர்களில் ஒரே பொருளை வாங்கி, ஐந்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டியிருப்பார்.

இரண்டாவது வேலைக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால், எதில் எத்தனை பங்கு என்று முன்கூட்டியே முடிவு செய்வது. 1952-ல் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற 24 வயது ஆய்வாளர் இதற்கான கணிதத்தை எழுதினார். தனித்தனிப் பங்கின் ஆபத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஒன்று விழும்போது மற்றொன்று என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது சாரம். 1990-ல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. இதில் ருசிகரமான விஷயம், அவர் தன்னுடைய ஓய்வூதியப் பணத்துக்கு அந்தக் கணிதத்தைப் போட்டுப் பார்க்கவே இல்லை. பாதியைப் பங்கிலும் பாதியைக் கடன் பத்திரத்திலும் போட்டுவிட்டுப் போனார். சந்தை ஏறும்போது உள்ளே இல்லையே என்றோ, விழும்போது முழுக்க மாட்டிக்கொண்டோமே என்றோ பின்னால் வருத்தப்படக் கூடாது என்பதுதான் தன் நோக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நோபல் வாங்கியவருக்கே தூக்கம்தான் முக்கியமாக இருந்திருக்கிறது.

பங்கு வேண்டவே வேண்டாம் என்றால் விலைவாசி விடாது. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், இன்று 40,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 20 வருடம் கழித்து மாதம் 1.28 லட்சம் தேவைப்படும். எஃப்டி வட்டி, வரி போக, அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுப்பது கஷ்டம். பங்கு மட்டுமே போதும் என்றால் 2008 இருக்கிறது. அந்த ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே போனது. முப்பது வயதில் இருந்தவருக்கு அது வாய்ப்பு. அந்த ஆண்டு பணி ஓய்வு பெற்றவருக்கு? ‘நீண்ட காலம் காத்திருந்தால் எல்லாம் சரியாகும்’ என்பவர்கள் ஜப்பானையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. 1989 டிசம்பர் கடைசியில் 38,915-ல் முடிந்த நிக்கேய் குறியீடு, அந்த உயரத்தை மறுபடி கடந்தது 2024 பிப்ரவரியில். 34 வருடம். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் கல்லூரிக் கட்டணத்தையோ வீட்டு முன்பணத்தையோ பங்குச் சந்தையில் வைப்பது முதலீட்டில் சேராது. சீட்டு விளையாடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

எதை வாங்குவது என்ற கேள்விக்குத்தான் எல்லோரும் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். உண்மையில் அது சீக்கிரம் முடியக்கூடியது. அமெரிக்காவில் ஜான் போகிள் 1976-ல் சாதாரண மக்களுக்கான முதல் இன்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கினார். பங்குகளைத் தேர்ந்தெடுக்க நிபுணர் வேண்டாம், குறியீட்டில் உள்ள எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்தால் போதும் என்பது அவர் வாதம். 15 கோடி டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது 1.1 கோடி சொச்சம். ‘போகிளின் முட்டாள்தனம்’ என்று கேலி செய்தார்கள். இன்று உலகின் மிகப் பெரிய ஃபண்டுகளின் வரிசையில் அவர் தொடங்கிய வான்கார்டின் இன்டெக்ஸ் ஃபண்டுகள் நிற்கின்றன. நிஃப்டி 50-ஐப் பின்தொடரும் ஃபண்டுகளை டைரக்டாக வாங்கினால் இங்கேயும் ஆண்டுச் செலவு பொதுவாக 0.3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒன்றோ இரண்டோ இன்டெக்ஸ் ஃபண்ட், பிஎஃப், பிபிஎஃப், அவசரத்துக்கு எஃப்டி. சொந்தமாக நிர்வகிக்கும் பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு இதுவே போதும். இதில் பேசிப் பெருமைப்பட எதுவும் இல்லை என்பதுதான் இதன் ஒரே குறை.

கடன் ஃபண்ட் என்றால் எஃப்டி மாதிரிதான் என்று நினைத்தவர்களுக்கு 2020 ஏப்ரல் 23 ஒரு பாடம். அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே அறிவிப்பில் மூடியது. 25,000 கோடி ரூபாய்க்கும் மேல் உள்ளே மாட்டிக்கொண்டது. தவணை தவணையாகப் பணம் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் முதல் தவணைக்கே அடுத்த ஆண்டு பிப்ரவரி ஆகிவிட்டது. ஊரடங்கில் வேலை போய், அவசரத்துக்கென்று வைத்திருந்த பணம் அந்த ஃபண்டில் கிடந்தவர் என்ன செய்திருப்பார்? அந்த ஃபண்டுகள் மற்றவற்றைவிடக் கூடுதல் வருமானம் காட்டியதற்குக் காரணம், தரம் குறைந்த நிறுவனங்களுக்கும் கடன் கொடுத்திருந்தது. மாதாமாதம் வெளியான போர்ட்ஃபோலியோ பட்டியலிலேயே அது இருந்தது. படித்தவர்கள்தான் குறைவு. அவசரப் பணத்துக்கு வங்கி எஃப்டியே மேல். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடும் உண்டு.

மூன்றாவது வேலை, முடிவு செய்த விகிதத்துக்கு அவ்வப்போது திரும்ப வருவது. ரீபேலன்ஸிங் என்பார்கள். கேட்க எளிது, செய்வதுதான் கஷ்டம்.

2020 ஜனவரியில் சென்செக்ஸ் 42,000-ஐ ஒட்டி இருந்தது. ஒருவரிடம் 10 லட்சம் இருக்கிறது, 60 சதவீதம் இன்டெக்ஸ் ஃபண்டில், 40 சதவீதம் பாதுகாப்பான இடத்தில். மார்ச் 23-ம் தேதி ஒரே நாளில் சென்செக்ஸ் 3,935 புள்ளிகள் சரிந்து 25,981-ல் முடிந்தது. ஒரு நாளில் 13 சதவீதம். அவருடைய 6 லட்சம் இப்போது சுமார் 3.71 லட்சம். மற்ற பக்கம் 4.05 லட்சம். பங்கின் விகிதம் 60-லிருந்து 48-க்கு இறங்கிவிட்டது. பழைய விகிதத்துக்கு வர வேண்டுமென்றால், பாதுகாப்பாக இருக்கும் பணத்திலிருந்து சுமார் 95,000 ரூபாயை எடுத்து, எரிந்துகொண்டிருக்கும் சந்தையில் போட வேண்டும். நவம்பர் இறுதியில் சென்செக்ஸ் 44,000-ஐத் தாண்டியது. அப்படிப் போட்டவரின் தொகுப்பு சுமார் 11.1 லட்சம், போடாமல் சும்மா இருந்தவருடையது சுமார் 10.5 லட்சம். வித்தியாசம் 60 ஆயிரம்.

தாளில் போடும்போது இது சுலபமான கணக்கு. ஆனால் அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு, திங்கள் இந்தச் சரிவு, செவ்வாய் இரவு நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு. சம்பளம் வருமா என்று தெரியாது. சந்தை இதோடு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் 95,000 ரூபாயை உள்ளே தள்ளச் சொல்வது மனுஷ சுபாவத்துக்கு எதிரானது. பலர் செய்தது நேர் எதிர்: இருந்ததையும் விற்றுவிட்டு வெளியே வந்தார்கள். சும்மா இருந்தவருக்கு நட்டம் ஒன்றுமில்லை, நவம்பரில் போட்ட பணத்துக்கு மேலேயே நின்றார். விற்று வெளியேறியவர்தான் திரும்பி உள்ளே வரவே முடியாமல் தவித்தார். நல்ல ஏஜென்ட் ஒருவர் தன் கமிஷனுக்கு உண்மையாக வேலை செய்வது இங்கேதான். “சார், இப்ப எடுக்காதீங்க. ஆறு மாசம் அந்தப் பக்கமே பார்க்காதீங்க” என்ற ஒரு போன் கால். அந்த ஒரு வார்த்தையின் விலை சிலருக்குப் பல லட்சம். டைரக்டாக வாங்குபவருக்கு அந்தப் போன் வராது. அதற்கு மாற்றாக, சந்தை அமைதியாக இருக்கும்போதே எழுதிவைத்த ஒரு பக்க விதி இருக்க வேண்டும். வருடத்தில் எந்த மாதம் பார்ப்பது, விகிதம் எவ்வளவு விலகினால் கை வைப்பது என்று அதில் இருந்தால் போதும். பழக்கமானவர்கள் பலர் விற்று வாங்குவதைக்கூடச் செய்வதில்லை. புதிதாக வரும் மாதப் பணத்தை எது குறைந்திருக்கிறதோ அதில் போடுகிறார்கள். வரியும் மிச்சம், பதற்றமும் மிச்சம்.

டைரக்ட் முதலீட்டாளரின் போனில் இன்னொரு ஆபத்தும் குடியிருக்கிறது. எஸ்ஐபி போடும் அதே ஆப்பில், இரண்டு விரல் தள்ளி, விலை ஏற்ற இறக்கத்தின் மேல் பந்தயம் கட்டும் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்றும் செபி 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. விதிகளை இறுக்கிய பிறகும் 2024-25-ல் நட்டப்பட்டவர்கள் 91 சதவீதம். சூதாட்டக் கிளப்பின் வாசலில்கூட இவ்வளவு தெளிவான போர்டு வைக்க மாட்டார்கள். கமிஷனில் மிச்சம் பிடித்ததை அங்கே கொண்டுபோய் விடுபவர்கள் தங்களையும் முதலீட்டாளர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

இதைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்பியவர்கள் தனி ரகம். வீடியோக்களில் லாபத்தைக் காட்டிப் பயிற்சி வகுப்பு நடத்திய ஒருவருக்கு, வசூலித்த 17 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை ஒப்படைக்கச் சொல்லி செபி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்த விசாரணையில் தெரியவந்த இன்னொரு தகவல்: வகுப்பு எடுத்த அந்த ஆசான், சொந்த டிரேடிங்கில் இரண்டரை ஆண்டுகளில் கோடிக்கணக்கில் நட்டப்பட்டிருந்தார்.

எஃப் அண்ட் ஓ பக்கமே போகாதவர்களுக்கும் கை அரிப்பு உண்டு. அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை ஒரு புரோக்கர் நிறுவனத்தின் 66,465 குடும்பங்களுடைய கணக்குகளை பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரு பேராசிரியர்கள் அலசினார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் கொடுத்த காலம் அது. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். புதுப் பங்கு வெளியீடுகளும் அந்த அரிப்பின் ஒரு வகைதான். 2022 மே மாதம் எல்ஐசி பங்கு 949 ரூபாய்க்கு வெளியானபோது, பாலிசி வைத்திருப்பவர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். அதுவரை ஷேர் என்றாலே காத தூரம் ஓடியவர்கள்கூட அதற்காகவே டீமேட் திறந்தார்கள். தாத்தா காலத்து நம்பிக்கை, நஷ்டம் எப்படி வரும்? முதல் நாளே பங்கு வெளியீட்டு விலைக்குக் கீழே வணிகமானது. பத்தே மாதத்தில் 600-க்கும் கீழே போனது. 949-க்குத் திரும்ப ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆனது. நிறுவனம் நல்லதா என்பதும் அந்த விலைக்கு வாங்கலாமா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

வரி விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. 2024 ஜூலை 23 முதல், ஈக்விட்டி ஃபண்டையோ பங்கையோ ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவதும் சட்டப்படி விற்று வாங்குவதுதான். உற்சாகத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் மார்ச் மாதம் ஆடிட்டரிடம் திட்டு வாங்குகிறார்கள். பழைய எஸ்ஐபியை நிறுத்திவிட்டுப் புதியதை டைரக்டில் தொடங்குவது, பழைய யூனிட்டுகளை 1.25 லட்ச வரம்புக்குள் வருடா வருடம் கொஞ்சமாக நகர்த்துவது, இதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது.

பேசப்படாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. சொந்தமாக நிர்வகிக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவர்தான் எல்லாம் பார்க்கிறார். ஆப், பாஸ்வேர்டு, ஓடிபி வரும் போன், எல்லாம் அவர் கையில். அவர் திடீரென்று இல்லாமல் போனால், ஏஜென்ட் இருந்த வீட்டில் அவராவது வந்து படிவத்தை நிரப்பிக் கொடுப்பார். டைரக்ட் வீட்டில் மனைவிக்கு எந்த நிறுவனத்தில் பணம் இருக்கிறது என்றே தெரியாது. ஏழு ஆண்டுகள் யாரும் கேட்காத டிவிடெண்டும், அதோடு சேர்ந்த பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து மீட்பது முடியாத காரியமில்லை. ஆனால் அதற்கு அலைய வேண்டிய அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

நாமினி போட்டுவிட்டேனே என்பார்கள். நாமினி வேறு, வாரிசு வேறு. நாமினி பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பாளர் மட்டுமே என்பதைப் பங்குகள் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. அம்மாவை நாமினியாகப் போட்டுப் பத்து வருடம் முன்பு திறந்த டீமேட் கணக்கு, கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே கிடப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அது எதைக் கிளப்பும் என்று விவரிக்கத் தேவையில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு உயில், ஒரு நோட்டில் எல்லாக் கணக்குகளின் பட்டியல், வருடம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து அதைப் புரட்டுவது. எந்த ஆப்பிலும் இதற்கான பொத்தான் கிடையாது.

இவ்வளவும் படித்துவிட்டு ‘இதெல்லாம் நமக்கு ஆகாது’ என்று ஒருவர் நினைத்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வருடத்துக்குச் சில மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியாதவர்கள், சந்தை விழுந்தால் தூக்கம் போகிறவர்கள், நண்பர் சொன்ன டிப்ஸை மறுநாளே வாங்கிவிடுகிறவர்கள் கமிஷன் கொடுப்பதே லாபம். ஆனால் யாரிடம் என்பதில் கவனம் வேண்டும். எஃப்டி போடப் போன பெரியவரின் கையில் பத்து வருட இன்ஷூரன்ஸ் பாலிசியைத் திணித்து அனுப்பும் கவுன்டர்களும் ஊரில் உண்டு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, தமிழ்நாட்டில் இன்னும் அதிகம் பேருக்குத் தெரியாதது. செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013 முதல் தனி விதிகள் உள்ளன. இவர்கள் ஆலோசனைக்கான கட்டணத்தை வாடிக்கையாளரிடம் நேரடியாக வாங்குகிறார்கள், அதே வாடிக்கையாளருக்குக் கமிஷன் வரும் பொருளை விற்கக் கூடாது. எண்ணிக்கை குறைவுதான், எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்கள், காணொளி அழைப்பில் பேச வேண்டியிருக்கும். முதல் சந்திப்பிலேயே பதிவு எண்ணைக் கேட்டு, செபியின் தளத்தில் அந்த எண் உண்மையா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வந்து ஆலோசகர் என்று சொல்பவர் அந்தக் கேள்விக்கே பெரும்பாலும் மறைந்துவிடுவார். ஒருமுறை கட்டணம் கட்டி, குடும்பத்தின் வயது, கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் வைத்து ஒரு திட்டம் எழுதி வாங்கிக்கொண்டு, வாங்குவதையும் விற்பதையும் டைரக்டில் தாங்களே பார்த்துக்கொள்கிற தம்பதிகள் இருக்கிறார்கள். வீட்டில் குழந்தை பிறந்தாலோ, வேலை மாறினாலோ, ஓய்வு நெருங்கினாலோ மறுபடி ஒருமுறை அந்த ஆலோசகரைப் போய்ப் பார்க்கிறார்கள்.